பதில் வராத பிங்

பாலிடெக்னிக்கில் நெட்வொர்க்கிங் நடத்துகிறேன். ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்குத் தகவல் போகும் வேலையை ஏழு அடுக்காகப் பிரித்துச் சொல்வது ஓ.எஸ்.ஐ. மாடல். முதல் சில வருடங்கள் அந்த ஏழு அடுக்குகளையும் போர்டில் எழுதிப் போடுவேன். பிள்ளைகள் மனப்பாடம் செய்து பரீட்சையில் அப்படியே எழுதிவிடுவார்கள். லேபில் இரண்டு கம்ப்யூட்டரை இணைக்கச் சொன்னால் மட்டும் கை ஓடாது.

அப்புறம்தான் சிஸ்கோ பேக்கெட் டிரேசரில் (திரையிலேயே நெட்வொர்க் அமைத்துப் பார்க்கும் மென்பொருள்) நானே புதிர்கள் செய்து கொடுக்க ஆரம்பித்தேன். நெட்வொர்க்கை முழுதாக அமைத்துவிட்டு, உள்ளே ஒரே ஒரு பிழையை ஒளித்து வைப்பேன். அதைக் கண்டுபிடித்துச் சரிசெய்ய வேண்டும், அவ்வளவுதான்.

ஒரு புதிரை மறக்கவே முடியாது. இரண்டு நெட்வொர்க்கை இணைக்கும் ரவுட்டருக்கு இந்தப் பக்கம் 192.168.1.10 என்ற ஐ.பி. முகவரியோடு ஒரு கம்ப்யூட்டர், அந்தப் பக்கம் 192.168.2.10 என்று இன்னொன்று. முதல் கம்ப்யூட்டரிலிருந்து பிங் கொடுத்தால், அதாவது ‘இருக்கிறாயா?’ என்று மற்றதைக் கேட்டுப் பார்த்தால், ‘ரிக்வெஸ்ட் டைம்டு அவுட்’: நேரத்துக்குள் பதில் வரவில்லை. எல்லாரும் அந்தக் கம்ப்யூட்டரையே குடைந்தார்கள். ஐ.பி. சரி, சப்நெட் மாஸ்க் சரி, கேட்வே சரி, கேபிளிலும் பச்சை. முக்கால் மணி நேரம் போய்விட்டது. ஒரு மாணவி சிமுலேஷனுக்கு மாற்றி, பாக்கெட்டை (அனுப்பும் தகவல் பொட்டலத்தை) காட்டும் குட்டி உறையை ஒவ்வொரு அடியாக நகர்த்திப் பார்த்தாள். உறை ரவுட்டரைத் தாண்டி இரண்டாவது கம்ப்யூட்டர் வரை போனது. அங்கேதான் அதன்மேல் சிவப்புப் பெருக்கல் குறி விழுந்தது.

“சார், நம்ம பாக்கெட் போய்ச் சேருது சார்! பதில்தான் வர மாட்டேங்குது!”

இரண்டாவது கம்ப்யூட்டரில் டிஃபால்ட் கேட்வேயை, அதாவது வெளியே போக வழியான ரவுட்டரின் முகவரியை, நான் போடவே இல்லை. வேறு நெட்வொர்க்குக்குப் போக வேண்டிய பதிலை யாரிடம் கொடுப்பது என்று அதற்குத் தெரியாது. உறையைக் கிளிக் செய்தால் எந்த அடுக்கில் நின்றது என்றும் காட்டும்: மூன்றாவது அடுக்கு, பாக்கெட்டுக்கு வழி பார்க்கும் அடுக்கு. மற்ற ஆறும் என்ன செய்கின்றன என்று அன்றைக்கு அவர்களாகவே கேட்டார்கள். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

கரண்ட் இல்லாத நாளுக்கு, பாக்கெட் கைமாறிப் போவதைக் கம்ப்யூட்டர் இல்லாமலே காட்ட வேறொன்று இருக்கிறது. நியூசிலாந்தின் கேன்டர்பரி பல்கலைக்கழகத்தின் ‘கம்ப்யூட்டர் சயின்ஸ் அன்பிளக்டு’ தொகுப்பில் வரும் ஆரஞ்சு விளையாட்டு. நான் எலுமிச்சம்பழத்தில் நடத்துகிறேன். ஐந்து பேர் வட்டமாக உட்கார வேண்டும். ஆளுக்கு இரண்டு பழம், ஒருவருக்கு மட்டும் ஒன்று. பழத்தின்மேல் உரியவரின் எழுத்து இருக்கும். எல்லாவற்றையும் கலைத்துக் கொடுத்த பிறகு, அடுத்து உட்கார்ந்திருப்பவரின் காலிக் கைக்கு மட்டுமே கொடுக்கலாம். அவரவர் பழம் அவரவரிடம் சேர வேண்டும். தன் பழம் வந்ததும் ஒரு பையன் இறுக்கிப் பிடித்துக்கொண்டான். வட்டமே நின்றுவிட்டது. டெட்லாக் (ஒருவருக்காக ஒருவர் காத்திருந்து எல்லாமே நின்றுபோவது) என்ற சொல்லை நான் எடுப்பதற்குள் எதிரிலிருந்து குரல் வந்தது: “டேய், உன் பழத்தைக் கொஞ்சம் விடுடா, திரும்ப வந்துரும்!”