வீட்டுக்குள் நாற்று விட எந்த லைட் வாங்கலாம்? முளைத்ததெல்லாம் நெட்டையாகிச் சாய்கிறது

மூன்றாங்கட்டு (கானாடுகாத்தான் பக்கம்):

வணக்கம். ஐப்பசி மழை பிடிப்பதற்குள் நட்டுவிட வேண்டும் என்று தக்காளி, கத்தரி, முண்டு மிளகாய் மூன்றையும் 98 குழித்தட்டில் கோகோபீட் (தென்னை நார்க்கழிவு) நிரப்பி விதைத்திருக்கிறேன். கொல்லையில் வைத்தால் மயில் வந்து முளையைக் கொத்திவிடுகிறது, மிச்சத்தை அணில் பார்த்துக்கொள்கிறது. ஓட்டு வீடு, மொட்டை மாடி கிடையாது. அதனால் மூன்றாம் கட்டில் (வீட்டின் பின்பகுதி) ஓர் அறையில் மேசை போட்டு அதன்மேல் தட்டுகளை வைத்திருக்கிறேன். மேலே 9 வாட் எல்இடி பல்பு, தட்டிலிருந்து மூன்றடி உயரத்தில். காலை ஆறு மணி முதல் இரவு பத்து வரை எரிகிறது.

தக்காளி நன்றாகத்தான் முளைத்தது. இப்போது தண்டு மெலிந்து, விரல் நீளம் வளர்ந்து, சன்னல் பக்கம் சாய்ந்து படுக்கிறது. இலை வெளிர் பச்சை. கத்தரியும் அதே வழியில் போகிறது. மிளகாய் இன்னும் தலைகாட்டவில்லை.

இணையத்தில் பார்த்தால் ஊதா வெளிச்சம் தருகிற ஒரு பலகை, ‘ஃபுல் ஸ்பெக்ட்ரம், 1000 வாட்’ என்று போட்டு விற்கிறார்கள். அதை வாங்கலாமா? கரண்ட் பில் எவ்வளவு ஏறும்? வீட்டு வயரிங் தாத்தா காலத்தது, அந்தப் பயமும் இருக்கிறது.

பள்ளத்தூர் ஆச்சி:

தம்பி, வளவு (நடு முற்றம்) இல்லாத வீடா உங்களுடையது? மேலே கம்பி போட்டிருந்தால் மயில் உள்ளே வராது. தூண் ஓரமாக வைத்துவிடுங்கள். லைட்டுக்கு எதற்குக் காசு?

மூன்றாங்கட்டு:

வளவு இருக்கிறது ஆச்சி, கம்பியும் இருக்கிறது. ஆனால் ஏழு பங்காளிகள் வீடு. அடுத்த மாதம் ஒரு விசேஷம் வேறு வருகிறது. காலையில் இரண்டு மணி நேரம் வைத்து எடுத்துக்கொள்ளலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். நாள் முழுக்க வைத்தால் பேச்சு வரும்.

காரைக்குடி நாற்றங்கால்:

தண்டு அடியில் கறுத்து, சுருங்கி, ஒடிந்து விழுகிறதா? அப்படி இருந்தால் அது நாற்றழுகல், வேறு விஷயம். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் வெறும் வெளிச்சப் பஞ்சம்தான் தெரிகிறது. போனில் லக்ஸ் (ஓரிடத்தில் விழுகிற வெளிச்சத்தின் அளவு) அளக்கிற செயலி ஒன்றை இறக்கி, போனின் முன்பக்கம் மேலே பார்க்கும்படி தட்டின்மேல் வைத்து என்ன காட்டுகிறது என்று சொல்லுங்கள். துல்லியமாக இருக்காது, ஆனால் நமக்கு வேண்டியதைச் சொல்லிவிடும்.

மூன்றாங்கட்டு:

அண்ணே, பார்த்தேன். தட்டின் நடுவில் 260, ஓரத்தில் 200க்கும் கீழே. சன்னல் பக்க ஓரத்தில் மட்டும் 700 காட்டுகிறது.

காரைக்குடி நாற்றங்கால்:

அதுதான் விஷயம். நம் கண் ஏமாந்துவிடும்; 260 லக்ஸில் வசதியாகப் பேப்பர் படிக்கலாம், அறை வெளிச்சமாக இருக்கிறது என்றுதான் தோன்றும். தக்காளி நாற்றுக்கு வெள்ளை எல்இடியில் குறைந்தது 10,000 லக்ஸ் வேண்டும், 14,000 கிடைத்தால் அருமை. உச்சி வெயில் ஒரு லட்சத்தைத் தொடும். உங்கள் செடி சன்னலைப் பார்த்துச் சாய்வதற்குக் காரணம் அந்த 700.

இனி லைட். பெட்டியின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்பதை மறந்துவிடுங்கள். இலைமேல் எவ்வளவு வெளிச்சம் விழுகிறது என்பது மட்டும்தான் கணக்கு, அதில் பாதி உயரத்தைப் பொறுத்தது. சாதாரண நாலடி எல்இடி டியூப், 20 வாட், ‘கூல் டே லைட் 6500 கெல்வின்’ என்று போட்டது, 2000 லுமென் (விளக்கு தருகிற மொத்த வெளிச்சம்) வருவதாகப் பார்த்து வாங்குங்கள். எந்த எலெக்ட்ரிக் கடையிலும் கிடைக்கும். 98 குழித்தட்டு கிட்டத்தட்ட 54 சென்டிமீட்டர் நீளம், 28 அகலம். இரண்டு தட்டை நீளவாக்கில் ஒன்றன்பின் ஒன்றாக வைத்தால் நாலடி டியூப்புக்குக் கீழே சரியாக அடங்கும். அவற்றின்மேல் இரண்டு டியூப்பை அரை அடிக்குள் இடைவெளி விட்டு, இலை நுனியிலிருந்து நாலு அங்குல உயரத்தில் தொங்கவிட்டால் 10,000 லக்ஸ் பக்கம் வரும். மூன்று டியூப் போட்டால் நடுவில் 14,000 வரை போகும். அதே டியூப்பை ஓரடிக்குத் தூக்கினால் டியூப்புக்கு நேர் கீழேயே பாதிக்கும் கீழே இறங்கிவிடும். ஆகவே ஆணி அடித்து நிலையாக மாட்டாதீர்கள். கயிறோ சங்கிலியோ போட்டு, செடி வளர வளர ஏற்றுகிற மாதிரி தொங்கவிடுங்கள். எல்இடி டியூப் தொட்டால் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும், நாலு அங்குலத்தில் இலை கருகாது.

6500 கெல்வின் ஏன் என்றால், அந்த வெள்ளையில் நீலம் கூடுதல். நீல வெளிச்சம் தண்டைக் குட்டையாக, கட்டையாக வைத்திருக்கும். மஞ்சள் நிற ‘வார்ம் ஒயிட்’ நாற்றுக்கு அவ்வளவு ஏற்றதில்லை.

புதுவயல் தோட்டம்:

ஊதா லைட்டை ஒரேயடியாக ஒதுக்க வேண்டாம். நான் அதில்தான் கத்தரி நாற்று விடுகிறேன், நன்றாகவே வருகிறது. இலைப் பச்சையம் சிவப்பையும் நீலத்தையும்தானே அதிகம் உறிஞ்சுகிறது?

காரைக்குடி நாற்றங்கால்:

வரும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பச்சை வெளிச்சத்தையும் இலை பயன்படுத்துகிறது, வெள்ளையில் ஒன்றும் வீணாகிவிடாது. எனக்கு ஊதாவோடு இருக்கும் சண்டை வேறு. அந்த வெளிச்சத்தில் இலை மஞ்சளாகிறதா, புள்ளி விழுகிறதா, ஒன்றுமே கண்ணுக்குத் தெரியாது. எல்லாம் கறுப்பாகத் தெரியும். புதிதாக நாற்று விடுகிறவர் தினமும் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதே அந்த நிறம்தான். தவிர லக்ஸ் மீட்டர் மனிதக் கண்ணுக்கு ஏற்ப அளப்பது. சிவப்பையும் நீலத்தையும் குறைவாகத்தான் எண்ணும். ஊதாவுக்கு அடியில் அது காட்டுகிற எண்ணை நம்பி உயரம் வைக்க முடியாது.

ஒரு வயர்மேன் (தேவகோட்டை):

அந்த ‘1000 வாட்’ பற்றி ஒரு வார்த்தை. பழைய சோடியம் விளக்கு 1000 வாட்டுக்குச் சமம் என்று அவர்களே போட்டுக்கொள்கிற கணக்கு அது. நிஜத்தில் 100 வாட் இழுத்தாலே பெரிது. நம்பாவிட்டால் வீட்டு மீட்டரிலேயே பார்க்கலாம். மீட்டரில் ஒரு சிவப்பு லைட் சிமிட்டும், பக்கத்தில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டல் என்று அச்சிட்டிருக்கும், பல மீட்டரில் 3200. மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு அந்த லைட்டை மட்டும் போடுங்கள். 3200 மீட்டரில் உண்மையான 1000 வாட் என்றால் நிமிடத்துக்கு 53 தடவை சிமிட்ட வேண்டும். ஐந்து தடவைதான் சிமிட்டுகிறது என்றால் அது 100 வாட்.

வயரிங் பற்றிக் கேட்டீர்கள். மூன்று டியூப்பும் சேர்ந்து 60 வாட். பழைய சீலிங் ஃபேன் ஒன்றே 75 வாட் இழுக்கும், அதைத் தாங்குகிற வயர் இதையும் தாங்கும். லோடு பிரச்சினையில்லை. பிரச்சினை தண்ணீர். அந்தக் காலத்து வீடுகளில் பலதில் எர்த் இருக்காது, ரெண்டு ஓட்டைப் பிளக்தான். நீங்கள் மேசைக்கு மேலே ஸ்ப்ரே அடித்துக்கொண்டிருப்பீர்கள். அதனால் டியூப்பை மாட்டுகிற பேட்டனை இரும்பு உடம்பு இல்லாத பிளாஸ்டிக்கில் வாங்குங்கள், ஜங்ஷன் பாக்ஸ் மேசைக்குக் கீழே தரையில் கிடக்க வேண்டாம், வயர் பிளக்குக்குப் போகும் முன் ஒரு வளைவு கீழே தொங்கட்டும். வழிகிற தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். தண்ணீர் விடும்போது சுவிட்சை அணைத்துவிட்டு விடுங்கள். முடிந்தால் மெயினில் ஒரு ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானே அணைந்துவிடும் சுவிட்ச்) போட்டுக்கொள்ளுங்கள், நாற்றுக்காக இல்லாவிட்டாலும் அந்த வீட்டுக்கு அது வேண்டும்.

சுவரில் மட்டும் துளை போடாதீர்கள் தம்பி. சுண்ணாம்பும் முட்டை வெள்ளையும் போட்டு இழைத்த பூச்சு விரிசல் விட்டால் இன்று அதைச் சரிசெய்ய ஆள் தேட வேண்டும். இரும்பு ராக்கில் தொங்கவிடுங்கள்.

பள்ளத்தூர் ஆச்சி:

அந்தச் சுவரை ஒட்டியே ராக்கைப் போடலாமே. எங்கள் வீட்டுச் சுவரில் முகம் தெரியும், அவ்வளவு வெள்ளை. வெளிச்சம் திரும்பி வருமில்லையா?

காரைக்குடி நாற்றங்கால்:

நல்ல யோசனை ஆச்சி. ஒரு பக்கம் சுவர், மற்ற மூன்று பக்கமும் வெள்ளைத் தெர்மோகோல் அட்டையைச் சாய்த்து வைத்தால் ஓரக் குழிகளுக்கும் வெளிச்சம் போகும். ஆனால் சுவரில் ஈரம் படாமல் ஒரு சாண் தள்ளிப் போடுங்கள்.

பில் கணக்கு: இரண்டு டியூப், 40 வாட், 16 மணி நேரம் என்றால் ஒரு நாளைக்கு 0.64 யூனிட். தக்காளி நாற்றுக்கு 25 நாள் என்று வைத்தால் 16 யூனிட். மூன்று டியூப் என்றால் 24. மிளகாய் 40 நாள் வரை தட்டில் இருக்கும், அதற்குக் கொஞ்சம் கூடும். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் இருப்பதால் பூட்டிக் கிடக்கிற வீடாக இருந்தால் பில்லே வராமலும் போகலாம். ஏற்கெனவே 500 யூனிட்டை ஒட்டி ஓடுகிற வீடாக இருந்தால் மட்டும் கவனம், அதைத் தாண்டினால் ரேட்டே மாறிவிடும்.

வளவில் இரண்டு மணி நேரம் கிடைக்கும் என்றீர்களே, அதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். நேர் வெயில் 50,000 லக்ஸ் என்று வைத்துக்கொண்டாலும், இரண்டு மணி நேரத்தில் கிடைப்பது டியூப்புக்கு அடியில் பத்து மணி நேரம் இருந்து வாங்குகிற வெளிச்சம். அதைக் கொடுத்தால் டியூப் எட்டு மணி நேரம் எரிந்தாலே போதும். ஆனால் இன்றைக்கு இருக்கிற நாற்றை நேரே வெயிலில் வைத்தால் மதியத்துக்குள் வெளுத்துச் சுருண்டுவிடும். முதல் நாள் கால் மணி நேரம், அப்புறம் அரை மணி, இப்படி ஒரு வாரம் போல ஏற்றுங்கள்.

மூன்றாங்கட்டு:

ரொம்ப நன்றி அண்ணே. இரண்டு கேள்வி. இப்போது நெட்டையாகிவிட்டதைக் காப்பாற்ற முடியுமா? மிளகாய் ஏன் வரவில்லை?

காரைக்குடி நாற்றங்கால்:

தக்காளியைக் காப்பாற்றலாம். அதன் தண்டு மண்ணுக்குள் போனால் அங்கேயே வேர் விடும். ஒரு பேப்பர் கப்பில் அடியில் துளை போட்டு, விதையிலைக்குக் கொஞ்சம் கீழே வரை தண்டைப் புதைத்து மாற்றி நடுங்கள். கத்தரி அப்படித் தண்டில் எளிதாக வேர் விடாது, அந்தத் தட்டை மறுபடி விதைப்பதே மேல். பருவம் இன்னும் போய்விடவில்லை.

மிளகாய் எப்போதுமே மெதுவாகத்தான் முளைக்கும், பத்து நாள், சில சமயம் இரண்டு வாரம்கூட ஆகும். முளைக்கும் வரை அதற்கு வெளிச்சம் வேண்டாம், சூடும் ஈரமும் போதும். வெளிநாட்டு வீடியோக்களில் தட்டுக்கு அடியில் சூடேற்றும் பாய் போடுவார்கள். நம் ஊரில் அறையே 30 டிகிரியில் இருக்கும்போது அதற்கு வேலையில்லை. பாலித்தீன் போட்டு மூடி வைத்திருந்தால் தினமும் திறந்து பாருங்கள். அங்கங்கே முளை கண்ணில் பட்டதுமே மூடியை எடுத்து அன்றைக்கே டியூப்புக்கு அடியில் வைத்துவிட வேண்டும். இருட்டில் சூடாக ஒரு நாள் கூடுதலாக இருந்தால் போதும், தண்டு இழுத்துக்கொண்டு போய்விடும்.

புதுவயல் தோட்டம்:

சின்ன டேபிள் ஃபேன் ஒன்றைக் குறைந்த வேகத்தில் தட்டின்மேல் படும்படி வையுங்கள். அசைய அசையத் தண்டு தடிக்கும், மேல்மண் காய்ந்து நாற்றழுகலும் குறையும். விதைக்கும் முன் டிரைக்கோடெர்மா விரிடி (நோய்ப் பூஞ்சையை அடக்கும் நன்மைப் பூஞ்சை), கிலோ விதைக்கு 4 கிராம் கணக்கில் கலந்துகொண்டால் இன்னும் நல்லது. நம்மிடம் கிலோ கணக்கில் ஏது விதை, சிட்டிகை போதும். கோகோபீட்டில் சத்து கிடையாது, இரண்டு நிஜ இலை வந்ததும் 19:19:19 (தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சமமாக உள்ள, தண்ணீரில் கரையும் உரம்) லிட்டருக்கு ஒரு கிராம் கரைத்து வாரம் ஒருமுறை ஊற்றுங்கள்.

மூன்றாங்கட்டு:

டைமர் வாங்காமல் இரவும் பகலும் எரியவிட்டால் சீக்கிரம் வளருமா? ஊருக்குப் போகிற நாட்களில் அணைக்க ஆள் இல்லை.

காரைக்குடி நாற்றங்கால்:

தக்காளிக்கு ஆகாது. இடைவிடாத வெளிச்சத்தில் இலை மஞ்சள் பூத்து, வளர்ச்சியே கெடும். ஆறு மணி நேரமாவது இருட்டு கொடுங்கள். டைமர் வாங்கும்போது பேட்டரி உள்ள டிஜிட்டலாகப் பாருங்கள். திருகுகிற வகை கரண்ட் போனால் நின்றுவிடும், வந்ததும் விட்ட இடத்திலிருந்து ஓடும். நாலு மணி நேரம் கரண்ட் நின்ற நாளில் உங்கள் செடிக்கு விடியல் பத்து மணிக்கு.

ஒரு வயர்மேன் (தேவகோட்டை):

டைமரை நல்ல பிளக்கில் இறுக்கமாகச் செருகுங்கள். லூசாக இருந்தால் சூடாகிக் கருகும்.

பள்ளத்தூர் ஆச்சி:

இவ்வளவு செலவு செய்து லைட் போட்டபின் அதிலேயே தக்காளி காய்க்கும் வரை வைத்துவிடலாமா? எனக்கும் குரங்குத் தொல்லை.

காரைக்குடி நாற்றங்கால்:

வேண்டாம் ஆச்சி. காய்க்கிற செடிக்கு நாற்றைப் போல இரண்டு மூன்று மடங்கு வெளிச்சம் வேண்டும், அதுவும் ஆளுயரச் செடியின் அடி இலை வரைக்கும். அந்தக் கரண்டுக் காசில் சந்தையில் கூடை கூடையாக வாங்கிவிடலாம். கொத்தமல்லி, வெந்தயக் கீரை, அரைக்கீரை என்றால் டியூப்புக்கு அடியிலேயே வளர்த்துப் பறிக்கலாம். தக்காளிக்கு உங்கள் வளவுக் கம்பிக்கு அடியில் ஒரு பெரிய தொட்டி வைத்துப் பாருங்கள், உங்கள் வீட்டில் பங்காளிப் பேச்சு இல்லையென்றால்.