பீட்ரூட் இஞ்சிப் பியர்: மட்டக்களப்பு வெக்கைக்கு ஏற்ற திருத்தம் (புதுப்பிப்பு)

இந்தப் பியருக்கு முன்பு நான் தந்த செய்முறையில், 5 லீட்டர் தண்ணீரில் 400 கிராம் பீட்ரூட்டை இஞ்சியோடு சேர்த்து ஒரு மணி நேரம் அவிக்கச் சொல்லியிருந்தேன். அதை விட்டுவிடுங்கள். பீட்ரூட்டின் சிவப்பு நிறமி நீண்ட சூட்டில் சிதைந்து பழுப்பாகும். அதனால்தான் பலருக்குச் சாயத்தண்ணி நிறம் வந்தது.

அளவு மாறவில்லை: இஞ்சி 150 கிராம், சீனி 500 கிராம், ஈஸ்ட் கால் தேக்கரண்டி. இஞ்சியையும் சீனியையும் மட்டும் 15 நிமிடம் கொதிக்க வைத்து அடுப்பை அணையுங்கள். பீட்ரூட்டின் தோலைத் தடிப்பாகச் சீவுங்கள், மண்வாடை தோலில்தான் அதிகம். துருவி, நான்கு தேசிக்காய்ச் சாறு பிசைந்து பத்து நிமிடம் வையுங்கள். புளிப்பு மண்வாடையைக் குறைக்கும், நிறத்தையும் காக்கும். தண்ணீர் 80 பாகைக்கு இறங்கியதும் அதைப் போட்டு 20 நிமிடம் மூடி, துணியில் இரண்டு தரம் வடியுங்கள். துருவல் மிஞ்சினால் போத்தல் திறக்கும்போது நுரை பீறிடும்.

வடித்தது 30 பாகைக்குக் கீழே ஆறிய பிறகுதான் ஈஸ்ட் போடுங்கள். நம்மூர் வெயிலில் நொதிப்பு வேகமாக நடந்து போத்தலுக்குள் வாயு அமுக்கம் ஏறும், ஆகவே வெடிக்கக்கூடிய கண்ணாடிப் போத்தல் வேண்டவே வேண்டாம். பிளாஸ்டிக் சோடாப் போத்தலில் நான்கு விரல் இடம் விட்டு நிரப்பி, 12 மணி நேரத்திலிருந்தே அமுக்கிப் பாருங்கள். கல்லுப்போல் இறுகியதும் உடனே பிரிஜ்ஜுக்குள். ஒரு வாரத்துக்குள் குடியுங்கள்.

ஈஸ்டால் கொஞ்சம் மதுசாரம் உண்டாகும். தவிர்ப்பவர்களுக்குக் கொடுக்குமுன் கட்டாயம் சொல்லுங்கள்.