அம்மிச்சிக்கு எந்தப் பக்கத்து வீடு?

குழு: தோட்டத்து வீடு, கொழிஞ்சாம்பாறை (பாலக்காடு)
சனிக்கிழமை

சின்ன அத்தை, காலை 6:12
(பலமுறை பகிரப்பட்டது) விமான நிலையத்தைச் சுற்றி 10 கிலோமீட்டருக்குள் குடியிருப்பவர்கள் உடனே வீடு மாறுங்கள்! கண்ணுக்குத் தெரியாத துகள் நுரையீரலைத் துளைக்கிறது! கம்ப்யூட்டரே கண்டுபிடித்துவிட்டது! தெரிந்தவர்கள் அனைவருக்கும் அனுப்புங்கள்!

சின்ன அத்தை
கவிதா, இது உண்மையா கண்ணு? நாளை கோவை விமான நிலையத்துப் பக்கம் சின்னியம்பாளையம் வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறோம். உன் அம்மிச்சிக்கு ஏற்கெனவே இளைப்பு.

பெரிய மாமா
அதனால்தான் அம்மா இங்கேயே இருக்கட்டும் என்றேன்.

சின்ன மாமா
மாதம் இரண்டு முறை வேலந்தாவளம் வழியாக பஸ்ஸில் நெஞ்சு டாக்டரிடம் யார் கூட்டிப் போவது அண்ணா?

பெரிய மாமா
இத்தனை வருடம் யார் கூட்டிப் போனது?

அம்மா
விடிந்ததும் ஆரம்பித்துவிட்டீர்களா இரண்டு பேரும். கவிதா எழுந்ததும் சொல்வாள்.

நான், 7:05
அத்தை, அதில் பாதி உண்மை. லாஸ் ஏஞ்சலஸ் விமான நிலையத்தைப் பற்றி 2014-இல் ஓர் ஆய்வு வெளியானது. கருவிகளை வண்டியில் ஏற்றித் தெருத் தெருவாக ஓட்டி அளந்தார்கள். 10 கிலோமீட்டர் தள்ளியும் நுண்துகள் எண்ணிக்கை வழக்கத்தைப்போல நான்கு மடங்கு இருந்தது. 0.1 மைக்ரானுக்கும் சிறிய துகள்கள் அவை. ஆனால் அது காற்று போகிற பக்கத்தில் மட்டும். அங்கே பகலில் கடல்காற்று மேற்கிலிருந்து வீசும், அதனால் புகை கிழக்கே வால்போல நீளும். ‘சுற்றி’ என்று வட்டம் போட்டது இந்தச் செய்தியை எழுதியவர். புகை வட்டமாகப் பரவாது.

சதீஷ் மச்சான்
சரி

அம்மா
சுருக்கமாகச் சொல் கவிதா.

பெரிய மாமா
கொச்சி நெடும்பாசேரி விமான நிலையம் முழுக்கச் சூரிய ஒளியில் ஓடுகிறது என்று படித்தேன். அங்கே புகையே இருக்காதே.

நான்
2015-இலிருந்து அப்படித்தான் மாமா. ஆனால் சூரிய ஒளி தருவது நிலையத்துக்கான மின்சாரத்தை. விமானம் எரிப்பது அங்கேயும் மண்ணெண்ணெய் வகை எரிபொருள்தான்.

பெரிய மாமா
ஓ.

சதீஷ் மச்சான்
முதலமடையிலிருந்து மாம்பழம் இரண்டு பெட்டி வந்திருக்கிறது. கோவைக்கு யார் வருகிறீர்கள்?

சின்ன அத்தை
பங்கனப்பள்ளியா?

சதீஷ் மச்சான்
ஒன்று செந்தூரம்.

அம்மா
செந்தூரம் எனக்கு. போன வருடமும் எனக்கு வரவில்லை.

சின்ன மாமா
மாம்பழம் இருக்கட்டும். கவிதா, சின்னியம்பாளையமா, சிங்காநல்லூரா? இரண்டு வீடும் ஒரே வாடகை. விமான நிலையத்துக்கு வடகிழக்கே சின்னியம்பாளையம், தென்மேற்கே சிங்காநல்லூர்.

நான், 7:48
திசை சொன்னீர்களே மாமா, அதுதான் கேள்வியே. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

விமான நிலையப் புகை எங்கே போகும் என்று நாங்கள் வேலையில் கம்ப்யூட்டரில் போடுகிற கணக்கு இரண்டு கட்டம். முதலில், விமானம் எங்கே எவ்வளவு கக்குகிறது. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு இதற்கு ஒரு வாய்ப்பாடு வைத்திருக்கிறது. தரையில் ஊர்ந்து போக, வர 26 நிமிடம், இஞ்சின் விசை 7 சதவீதம். கிளம்பும் ஓட்டம் 0.7 நிமிடம், முழு விசை. மேலேறுவது 2.2 நிமிடம், 85 சதவீதம். இறங்குவது 4 நிமிடம், 30 சதவீதம். 3,000 அடிக்கு மேலே போனதை இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. முழு விசை வெறும் 42 விநாடிதான், ஆனால் நைட்ரஜன் ஆக்சைடு மிக வேகமாக வெளியேறுவது அப்போதுதான். மெதுவாக ஊரும்போது எரிபொருள் சரியாக எரியாது. கார்பன் மோனாக்சைடும் மண்ணெண்ணெய் வாசமும் அதில் வருபவை.

இரண்டாவது கட்டம் காற்று. ஏர்மாட் என்று ஒரு மென்பொருள், அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2005-இல் ஏற்றுக்கொண்டது. வருடத்தின் 8,760 மணி நேரத்துக்கும் காற்றின் திசை, வேகம், வெயில், மேகம் எல்லாவற்றையும் அதற்கு ஊட்ட வேண்டும். எந்த மணியில் எந்த வாசலில் எவ்வளவு என்று அது சொல்லும்.

அம்மா
இதைப் படித்துக்கொண்டிருந்ததில் பால் பொங்கி வழிந்துவிட்டது.

நான்
அம்மா, அப்பிச்சி களத்தில் நெல் தூற்றுவாரே, அதேதான் இது. காற்று எழும்வரை முறத்தைத் தொடமாட்டார். வேட்டி நுனியைப் பிடித்துப் பார்ப்பார். எந்தப் பக்கம் படபடக்கிறதோ அந்தப் பக்கம் எங்களை உட்கார விடமாட்டார், பதர் கண்ணில் விழும் என்று.

பெரிய மாமா
ஆமாம் கண்ணு. வேட்டி நுனி. மறந்தே போயிருந்தேன்.

சின்ன மாமா
சரி, வீடு?

நான்
விமானம் பொதுவாக எதிர்காற்றில்தான் கிளம்பும். அப்படியானால் ஓடுபாதையில் முழு விசை கொடுக்கத் தொடங்கும் முனை எது? காற்று போகிற பக்கத்து முனை. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகத் தென்மேற்கிலிருந்து காற்று. அப்போது புகை சின்னியம்பாளையம் பக்கம். மார்கழி, தையில் வடகிழக்குக் காற்று. அப்போது சிங்காநல்லூர் பக்கம்.

பெரிய மாமா
இரண்டும் ஆகாது என்றாயிற்று. அம்மா இங்கேயே இருக்கட்டும்.

நான்
இல்லை மாமா. ஆடிக்காற்று வேகமானது, புகையைக் கலைத்துவிடும். மார்கழி விடியலில் குளிர்காற்று தரையோடு படிந்து நிற்கும், மேலே மூடி போட்டதுபோல. நம் தோட்டத்தில் சருகு எரித்தால் புகை கிணற்று மேட்டைத் தாண்டாமல் கிடக்குமே, அப்படி. அம்மிச்சிக்கு மூச்சு இழுப்பதும் அந்த மாதங்களில்தான். அதனால் எனக்குச் சின்னியம்பாளையமே தேவலை என்று தோன்றுகிறது. இந்த இரண்டு வீட்டுக்காக யாரும் கணக்கு ஓட்டவில்லை, காற்றை வைத்துச் சொல்கிறேன்.

பெரிய மாமா
கிணற்று மேடு என்றதும் ஞாபகம் வந்தது. மோட்டார் ரிப்பேருக்குப் பாதிப் பணம் இன்னும் வரவில்லை.

சின்ன மாமா
இந்தச் செய்தி நீக்கப்பட்டது

அம்மா
தம்பி, நான் படித்துவிட்டேன். அப்படிப் பேசாதே.

சின்ன அத்தை
மோட்டார் பணம் நான் அனுப்புகிறேன் மாமா. திங்கள்கிழமை.

சதீஷ் மச்சான்
இதற்கெல்லாம் சட்டத்தில் வரம்பு இல்லையா?

நான்
நைட்ரஜன் டை ஆக்சைடுக்கு இருக்கிறது மச்சான். 2009 விதிப்படி குடியிருப்புகளில் ஆண்டுச் சராசரி, கனமீட்டருக்கு 40 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் 10 போதும் என்றது. நுண்துகள் எண்ணிக்கைக்கு மட்டும் நம் நாட்டில் வரம்பே இல்லை. நம்மில் மூச்சுத் திணறுகிற ஒருவர் இருக்கும்போது இது எனக்கு ஆறவே இல்லை.

சின்ன மாமா
அம்மிணி, ஒரு விஷயம். சின்னியம்பாளையம் வீடு அவிநாசி சாலையிலிருந்து இரண்டாவது கட்டடம்.

நான்
இதை ஏன் மாமா முதலில் சொல்லவில்லை!

நான்
விமானம் வந்து போய்விடும். லாரி இரவெல்லாம் ஓடும், ஜன்னல் உயரத்தில் புகை விடும். எங்கள் கணக்கில் சாலையையும் சேர்க்காமல் விடை எழுதவே மாட்டோம். படுக்கையறை சாலைப் பக்கமா, பின்பக்கமா?

சின்ன அத்தை
சாலைப் பக்கம். பின்னால் சமையலறை.

சின்ன மாமா
அதே ஊரில் உள்ளே தள்ளி ஒரு வீடு இருப்பதாக புரோக்கர் சொன்னார். நான் பார்க்கவில்லை.

நான்
அதை முதலில் பாருங்கள் மாமா. காலை ஆறு மணிக்குப் போய் வாசலில் அரை மணி நேரம் நில்லுங்கள். மதியம் போனால் ஒன்றும் தெரியாது.

பெரிய மாமா
நானும் வருகிறேன்.

சின்ன மாமா
நீங்களா அண்ணா?

பெரிய மாமா
வேட்டி கட்டிக்கொண்டு வருகிறேன்.

சின்ன அத்தை
அட்வான்ஸைச் செவ்வாய்க்குத் தள்ளிவைக்கச் சொல்கிறேன். வீட்டுக்காரர் ஒப்புக்கொள்வாரா என்று பார்ப்போம்.

அம்மா
வியாழக்கிழமை டாக்டரிடம் யார் கூட்டிப் போகிறீர்கள்?

அம்மா
யாராவது பதில் சொல்லுங்கள்.

சதீஷ் மச்சான், 9:30
(குரல் செய்தி, 0:21)

சதீஷ் மச்சான்
அம்மிச்சியிடம் எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன் கவிதா. ஒன்றே ஒன்றுதான் கேட்கிறார். அந்த உள்வீட்டில் திண்ணை இருக்கிறதா?

சின்ன மாமா
புரோக்கரிடம் கேட்கிறேன்.

அம்மா
செந்தூரப் பெட்டி யாரிடம் இருக்கிறது?