இயற்பியல் பட்டதாரி தாவரவியல் நடத்தலாமா? புதிய ஆசிரியருக்கு வேண்டியது பாட அறிவா, முன்தயாரிப்பா?

வைகைக்கரை:
அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றில் 24 ஆண்டுகளாக அறிவியல் நடத்தி வருகிறேன். இந்த ஜூனில் எங்கள் பள்ளியில் பணியேற்ற இளம் ஆசிரியர் இயற்பியலில் பட்டம் பெற்றவர். ஒன்பதாம், பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்திலோ இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல் நான்கும் ஒரே அட்டைக்குள் இருக்கின்றன. உயிரியல் பாடங்களை நடத்த அவருக்குத் தகுதி போதாது என்று சிலர் பேசுவதைக் கேட்டு மனம் நொந்து இதை எழுதுகிறேன். முந்தின நாளே பாடத்தை இருமுறை வாசித்து, சோதனையைத் தாமே ஒருமுறை செய்து பார்த்து, மாணவர் எந்த இடத்தில் தடுமாறுவர் என்று யோசித்து வருபவர் எந்தப் பட்டம் பெற்றவராயினும் பத்தாம் வகுப்புக்கு நன்றாகவே நடத்துவார் என்பது என் கருத்து.

குறிஞ்சிமலர்:
ஐயா, அவருடைய உழைப்பை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால், எதைத் தயாரிக்க வேண்டும் என்று தெரிவதற்கே பாட அறிவு வேண்டும். நான் தாவரவியல் ஆசிரியை. சென்ற ஆண்டு ஒரு புதிய ஆசிரியரின் வகுப்பில் கடைசி பெஞ்சில் அமர்ந்து கவனித்தேன். வேரிலிருந்து நீர் மேலே ஏறும் சாறேற்றம் பற்றிய பாடம். மெல்லிய கண்ணாடிக் குழாயில் சிவப்பு மை கலந்த நீர் ஏறுவதை அழகாகக் காட்டி, செடியில் நீரைக் கடத்தும் சைலம் என்ற திசுவிலும் நீர் இப்படித்தான் ஏறுகிறது என்று முடித்தார். ஒரு மாணவி எழுந்து, "எங்க வீட்டுத் தென்னை மாடியை விட உயரம் சார், அதுலயும் இப்படித்தான் ஏறுமா?" என்று கேட்டாள். அவர் "ஆமாம்" என்றார்.

அந்த விடை தவறு. மெல்லிய குழாயில் நீர் தானாக ஏறுவதை நுண்புழை ஏற்றம் என்போம்; சைலக் குழாய் போல 20 மைக்ரோமீட்டர் ஆரமுள்ள குழாயில் அது முக்கால் மீட்டர் அளவுக்குத்தான் வரும். வளிமண்டல அழுத்தத்தைக் காரணம் காட்டினாலும், அது தாங்கும் நீர்த்தம்பத்தின் உயரம் ஏறத்தாழ 10 மீட்டர்தான். இலைகளிலிருந்து நீராவி வெளியேற வெளியேற, ஒன்றையொன்று பற்றிக்கொண்டிருக்கும் நீர் மூலக்கூறுகள் சங்கிலி போல மேலே இழுபடுவதால்தான் உயர்ந்த மரத்தின் உச்சிக்கு நீர் போய்ச் சேர்கிறது. அந்த ஆசிரியர் தயாரிக்காமல் வரவில்லை. குழாய், மை, வரைபடம் எல்லாம் ஒழுங்காகக் கொண்டு வந்திருந்தார். தவறான விளக்கத்தையே கவனமாகத் தயாரித்திருந்தார் என்பதுதான் எனக்கு வருத்தம்.

வைகைக்கரை:
அம்மா, நீங்கள் காட்டிய நிகழ்ச்சி என் பக்கத்துக்கும் சான்றாகிறது. முக்கால் மீட்டர் என்ற கணக்கு இயற்பியல் கணக்கு. அவர் இயற்பியல் படித்தவராக இருந்திருந்தால், "தென்னைக்கு இது பொருந்துமா?" என்று முந்தின இரவே தம்மைக் கேட்டுக்கொண்டிருந்தால், ஐந்து நிமிடத்தில் விடை கிடைத்திருக்கும்.

பட்டம் மட்டும் காப்பாற்றாது என்பதற்கு இன்னொன்று சொல்கிறேன். தட்டில் நீர் ஊற்றி, எரியும் மெழுகுவத்தியைக் கண்ணாடிக் குவளையால் மூடினால் உள்ளே நீர் ஏறும். ஆக்சிஜன் தீர்ந்த இடத்தை நீர் நிரப்பிற்று, எனவே காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன் என்று வேதியியல் படித்தவர்களே நடத்தக் கேட்டிருக்கிறேன். ஆக்சிஜன் முழுதும் தீரும் முன்பே சுடர் அணைந்துவிடுகிறது. சூடேறி விரிந்த காற்று குளிர்ந்து சுருங்குவதே நீர் ஏறுவதற்கு முதன்மைக் காரணம். அதே குவளைக்குள் மூன்று மெழுகுவத்திகளை வைத்தால், ஆக்சிஜன் அளவு கூடாதபோதும் நீர் இன்னும் உயரமாக ஏறும். வகுப்புக்கு முன் ஒருமுறை செய்து பார்த்தவருக்கு அந்த விளக்கம் நிற்காது என்று புரிந்துவிடும்.

குறிஞ்சிமலர்:
மெழுகுவத்தி விஷயத்தில் நீங்கள் சொல்வதை ஏற்கிறேன். ஆயினும் மூன்று மெழுகுவத்திகளை வைத்துப் பார்க்க வேண்டும் என்ற ஐயம், பாடத்தை அறிந்தவருக்குத்தானே முதலில் எழும்? லீ ஷுல்மன் என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1986இல் இதைப் பற்றி எழுதினார்: பாடத்தை அறிவது ஒன்று, பொதுவாகக் கற்பிக்கத் தெரிவது ஒன்று, குறிப்பிட்ட ஒரு பாடத்தை மாணவர் எங்கே பிழையாகப் புரிந்துகொள்வர், எந்த எடுத்துக்காட்டால் அதைத் திருத்தலாம் என்று அறிவது மூன்றாவது. அந்த மூன்றாவது அறிவு, முதலாவது இல்லாமல் வளராது. நம் ஆசிரியர் தகுதித் தேர்வின் இரண்டாம் தாளிலோ 150 மதிப்பெண்ணில் கணிதத்துக்கும் அறிவியலுக்கும் சேர்த்தே 60தான். அதில் தேறியவரிடம் நான்கு பிரிவுகளையும் ஒப்படைத்துவிட்டு, ஓரிரவுத் தயாரிப்பால் ஈடுகட்டச் சொல்வது அவருக்கும் நியாயம் இல்லை, பிள்ளைகளுக்கும் நியாயம் இல்லை.

புதுச்சுண்ணாம்பு:
வைகைக்கரை ஐயா குறிப்பிடும் இளம் ஆசிரியர் நான்தான். பி.எட். படிப்பில் 20 வாரம் பள்ளிப் பயிற்சி இருந்தது. அதில் நான் நடத்தியவை ஒளியியலும் மின்னியலும் மட்டுமே. தாவரவியல் பாடத்தை முதன்முதலாக வருகிற வியாழக்கிழமை நடத்தப் போகிறேன். குறிஞ்சிமலர் அம்மா எழுதியதைப் படித்ததும் என் பாடக்குறிப்பை எடுத்துப் பார்த்தேன். நானும் நுண்புழை ஏற்றத்தோடுதான் நிறுத்தியிருந்தேன், கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை. காசித்தும்பைச் செடியைச் சிவப்பு மையில் வைத்துக் காட்டலாம் என்று எண்ணியிருக்கிறேன். எவ்வளவு நேரம் முன்னதாக வைக்க வேண்டும்?

குறிஞ்சிமலர்:
தம்பி, வகுப்புக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பே, வெயிலும் காற்றும் வரும் சன்னல் ஓரத்தில் வையுங்கள். இரண்டு கிளைகள் எடுத்து, ஒன்றில் இலைகளை முழுவதும் நீக்கிவிடுங்கள். எதில் சிவப்பு மேலே ஏறியிருக்கிறது என்று மாணவர்களே தண்டைக் குறுக்காக வெட்டிப் பார்க்கட்டும். கிளையை நீருக்குள் அமிழ்த்தியபடியே வெட்டுங்கள், வெளியே வெட்டினால் காற்று உள்ளே புகுந்து நீர்த்தம்பம் அறுந்துவிடும். ஏன் நீருக்குள் வெட்டுகிறீர்கள் என்று யாராவது கேட்பார்கள். அந்தக் கேள்வியிலிருந்தே பாடத்தைத் தொடங்கலாம். புதன் மாலை உங்கள் பாடக்குறிப்பை இங்கே இட்டால் வரிவரியாகப் படித்துச் சொல்கிறேன்.