நேர மண்டலமா, நேர வலயமா, நிலப்பொழுதா? வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள்

கோவையிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். கணினிகள் பயன்படுத்தும் நேரத் தரவுத்தளம் பற்றிய கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். 'டைம் ஸோன்' என்ற சொல்லிலேயே மூன்று நாளாக நிற்கிறேன்.

நாளிதழ்களில் நேர மண்டலம் என்று எழுதுகிறார்கள். உலகப் படத்தில் மேலிருந்து கீழாகப் போட்ட பட்டைகளுக்கு அது சரி. இங்கே பொருள் வேறு. 1970 முதல் எந்தெந்த ஊர்க் கடிகாரங்கள் பிசகாமல் ஒன்றாகவே ஓடினவோ, அவை சேர்ந்து ஒரு பதிவு. இந்தியா முழுவதும் 'ஆசியா/கொல்கத்தா' என்ற ஒரே பதிவில் அடக்கம்.

எடுத்துக்காட்டாக வருவது டோக்கெலா. பசிபிக்கில் மூன்று பவளத் தீவுகள். விமான நிலையம் கிடையாது, சமோவாவிலிருந்து கப்பலில்தான் போக வேண்டும். 2011இல் சமோவாவோடு சேர்ந்து டோக்கெலாவும் டிசம்பர் 30ஐ விட்டுவிட்டது. 29க்கு அப்புறம் 31. தரவுத்தளத்தில் அதன் நேரத்தை +14 என்று, அதாவது கிரீன்விச் நேரத்தைவிட 14 மணி முன்னால் என்று எழுதினார்கள். 2012 ஜூலையில் அங்குள்ள விடுதிகளுக்கும் அலுவலகங்களுக்கும் தொலைபேசி போட்டு, "இப்போது அங்கே மணி என்ன?" என்று கேட்டபோதுதான் +13 என்று தெரிந்தது. அதற்கு முந்தைய ஆண்டுகளுக்கு எழுதியிருந்த -10ம் -11 ஆயிற்று.

எனக்கு மூன்று சொல் வேண்டும். அந்தப் பதிவுக்கு ஒன்று. +13 என்ற இடைவெளிக்கு ஒன்று. பொது நேரம் வருவதற்கு முன் சூரியனைக் கொண்டு அந்தந்த ஊர் வைத்திருந்த சொந்த நேரத்துக்கு ஒன்று.

சென்னையிலிருந்து:

அம்மா, மண்டலம் வேண்டவே வேண்டாம். சித்த மருத்துவரிடம் போனால் ஒரு மண்டலம் மருந்து சாப்பிடச் சொல்வார், 48 நாள். நேரத்தைப் பற்றிய கையேட்டில், காலக்கணக்கு ஒன்றின் பெயரையே இடத்துக்கு வைப்பது குழப்பும்.

தொல்காப்பியர் நிலம், பொழுது இரண்டையும் சேர்த்தே முதற்பொருள் என்றார். ஓர் இடத்தின் நேரம் என்பதும் அதுதானே? நிலப்பொழுது என்று வையுங்கள். முல்லைப்பாட்டில் பாசறையில் அரசனுக்குப் பொழுது சொல்கிறவர்கள் ஊரில் வைத்த கணக்கைச் சொல்லவில்லை. போன இடத்தில் கன்னலைப் பார்த்துச் சொல்கிறார்கள். அந்தக் கன்னல் நீர்க்கலம். கரும்புக்கும் கன்னல் என்று பெயர் உண்டு. கலம், கன்னான், கன்னல் மூன்றும் ஒரே வேரில் கிளைத்தவை என்பது என் நெடுநாள் எண்ணம். தனி மடலில் விரிவாக எழுதுகிறேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து:

ஐயா, சொல் அழகு. ஆனால் என் வகுப்பில் நிலப்பொழுது என்றால் பிள்ளைகள் மாலையா இரவா என்று கேட்பார்கள். இங்கே புவியியலில் நேர வலயம் என்றே படிப்பிக்கிறோம்.

தங்கச்சிக்கு ஒன்று சொல்ல வேண்டும். 1996 மே 25இல் மின்சாரத்தை மிச்சம் பிடிக்க இலங்கை நேரத்தை +6.30 ஆக்கினார்கள். அக்டோபரில் +6. பிறகு 2006 ஏப்ரல் 15இல்தான் +5.30க்குத் திரும்பியது. புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதி இந்த மாற்றத்தை ஏற்கவே இல்லை. அங்கே எப்போதும் +5.30. 2003இல் அந்தப் பகுதியான வன்னியிலிருந்து ஓமந்தைச் சோதனைச் சாவடி தாண்டி வந்தோம். சோதனை முடிந்ததும் மாமா கைக்கடிகாரத்தின் திருகை இழுத்து அரை மணி முன்னால் வைத்தார். வவுனியாவில் பஸ் எத்தனை மணிக்கு என்று யாரைக் கேட்டாலும் "பழைய நேரமா, புது நேரமா?" என்று திருப்பிக் கேட்டார்கள்.

தரவுத்தளத்தில் இன்றும் 'ஆசியா/கொழும்பு' ஒன்றுதான். வன்னியின் பத்தாண்டு ஒரு குறிப்பாக மட்டும் இருக்கிறது. என்ன சொல் வைத்தாலும் அது நாட்டு எல்லையைக் குறிப்பதுபோல் இருக்கக் கூடாது.

கும்பகோணத்திலிருந்து:

இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் சொல் ஏற்கெனவே இருக்கிறது, புதிதாக உருக்க வேண்டாம். ஜாதகம் கணிப்பவர்கள் ஊர் நேரத்தைச் சுதேச மணி என்பார்கள். இட வேறுபாட்டால் வரும் திருத்தம் தேசாந்தரம். பொது மணியிலிருந்து கோவைக்குச் சுமார் 22 நிமிடம் கழிக்க வேண்டும், சென்னைக்கு 9. 1942 செப்டம்பர் முதல் 1945 அக்டோபர் நடுவரை போர்க்காலத்துக்காக இந்தியக் கடிகாரங்கள் ஒரு மணி முன்னால் ஓடின. அந்த ஆண்டுகளில் பிறந்தவருக்கு அதையும் கழித்தால்தான் லக்னம் சரியாக வரும். தொலைவான தீவுக்கு மட்டுமான கணக்கு இல்லை இது.

சென்னையிலிருந்து:

தேசாந்தரமும் சுதேசமும் வடசொல். தேசாந்திரி என்றால் ஊர் ஊராகத் திரிபவன். அந்தச் சொல்லை ஒரு கழித்தலுக்கு எப்படி வைப்பது? வலயத்தையாவது பொறுக்கலாம், வளை, வளையல், வளாகம் வரிசையில் வருவதுதான்.

யாழ்ப்பாணத்திலிருந்து:

அதையும் வடசொல் என்பவர்கள் உண்டு, ஐயா. வேர் எதுவானாலும் பிள்ளைக்கு விளங்குகிறது.

சிங்கப்பூரிலிருந்து:

கைபேசித் திரையில் ஓடும் பட்டியலுக்கு நீளச் சொல் ஒத்துவராது. நேர வலயம் போதும், +13க்கு நேர வேறுபாடு. இங்கே 1981 டிசம்பர் 31 இரவு 11.30க்கே கடிகாரத்தைத் தள்ளி 1982 பிறந்தது. அந்த அரை மணியை அம்மா இன்னும் பேசுவார். அவரிடம் நேர வலயம் மாறியது என்றால் புரியும். நிலப்பொழுது மாறியது என்றால் வீடு மாறினோமா என்பார்.

கோவையிலிருந்து:

எல்லாருக்கும் நன்றி. நாளை அனுப்ப வேண்டும் என்பதால், பதிவுக்கு நேர வலயம், இடைவெளிக்கு நேர வேறுபாடு என்று போட்டுவிட்டேன். முதலில் வரும் இடத்தில் மட்டும் 'ஒரே கடிகார வரலாறு கொண்ட இடங்கள்' என்று விளக்கம் உண்டு. மூன்றாவதுக்கு ஊர்நேரம். சுதேச மணி நல்ல சொல்தான். மணி என்றதும் அலுவலக மணி, பள்ளி மணி நினைவு வரும் என்று விட்டேன். ஐயாவின் நிலப்பொழுதை அருஞ்சொல் பட்டியலில் மாற்றுச் சொல்லாகச் சேர்த்திருக்கிறேன்.

சென்னையிலிருந்து:

ஊர்நேரம் ஒத்துக்கொள்கிறேன். நேர வலயத்துக்கு என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். டோக்கெலாவில் தொலைபேசியில் கேட்டது வலயத்தையா? அங்கே இப்போது பொழுது என்ன என்றுதானே?

யாழ்ப்பாணத்திலிருந்து:

ஐயா, அவர்கள் கேட்டது மணி. வன்னிக்கு ஒரு தனிப் பதிவு வேண்டும் என்று எழுதப் பார்க்கிறேன். 1996க்கும் 2006க்கும் இடையில் அங்கிருந்த யாரிடமாவது திகதி போட்ட பழைய அறிவித்தல், பஸ் நேர அட்டவணை இருந்தால் சொல்லுங்கள்.