மெஷினில் கலந்த பெயிண்ட் சுவரோடு சேரவில்லை, அவசரம்

பாம்பன்பையன்: சுவரிலிருந்து பெயர்த்த துண்டைக் கடை மெஷினில் ஸ்கேன் பண்ணி, அதே நிறத்தில் கலந்து வாங்கிய பெயிண்ட், பழைய சுவரில் ஒட்டுப்போட்ட சட்டை மாதிரி தனியாகத் தெரிகிறது. 4 லிட்டர் வாங்கிவிட்டேன். வெள்ளிக்கிழமை தங்கைக்கு நிச்சயம். என்ன செய்வது?

தொண்டிக்காரர்: உள்சுவரா, வெளிச்சுவரா? அடித்து எவ்வளவு நேரம் ஆச்சு? எமல்ஷன் ஈரத்தில் வெளிறித்தான் இருக்கும், காய்ந்தால் அடர்த்தியாகும்.

ஏர்வாடி_பெயிண்டர்: உப்புக்காற்றுதான் காரணம். கடல் பக்கச் சுவரில் எந்த நிறமும் நிற்காது. 22 வருஷமாக ஸ்டெய்னரை, அதாவது நிறம் கூட்டும் சாயத்தை, சொட்டுச் சொட்டாக விட்டுக் கண்ணால்தான் சேர்க்கிறேன். மெஷினை நம்பினால் இப்படித்தான்.

நிறமாலை: இதே கேள்விக்கு எத்தனை முறை பதில் சொல்வது? அடிப்படையைத் தெரிந்துகொண்டு கேளுங்கள். 400 முதல் 700 நானோமீட்டர் வரை எந்த அலைநீளத்தில் எவ்வளவு ஒளி திரும்புகிறது என்று மெஷின் அளக்கிறது. பிறகு 1931-இல் குபெல்கா, முங்க் என்ற விஞ்ஞானிகள் தந்த சமன்பாட்டின் வழியில், எந்தச் சாயம் எவ்வளவு என்று கணக்குப் போடுகிறது. டியூப் லைட்டில் சேர்ந்து வெயிலில் பிரிந்தால் அது மெட்டாமெரிசம். எந்த வெளிச்சத்தில் பார்த்தீர்கள்?

ஏர்வாடி_பெயிண்டர்: சுவர் வெளுத்திருப்பது கணக்குக்குத் தெரியுமா?

நிறமாலை: வெளுத்த துண்டைக் கொடுத்தால் வெளுத்த நிறத்தையே அளக்கும். உங்கள் கண் பொழுது சாய்ந்தால் மாறும், அது மாறாது.

ஏர்வாடி_பெயிண்டர்: என் கண்ணை நம்பித்தான் இந்த ஊரே வீட்டைப் பெயிண்ட் அடிக்கக் கொடுக்கிறது.

கீழக்கரை_அக்கா: சண்டையை விடுங்க, பிள்ளை நிச்சயத்தை வைத்துக்கொண்டு தவிக்கிறான். தம்பி, துண்டு பெயர்த்தது சுவரைக் கழுவும் முன்னா, பின்னா? தேய்த்தால் கையில் மாவு மாதிரி ஒட்டியதா?

பாம்பன்பையன்: முன்னாடிதான் அக்கா. விரலெல்லாம் வெள்ளை மாவு. அப்புறம்தான் பிரஷ் போட்டுக் கழுவினோம். வெளிச்சுவர், நீலம். நேற்றே காய்ந்துவிட்டது. வெயிலிலும் லைட்டிலும் புதுசுதான் வெளிறித் தெரிகிறது.

கீழக்கரை_அக்கா: அதேதான். மெஷின் அந்த மாவையும் சேர்த்து அளந்து வெளிறிய நிறம் கொடுத்திருக்கிறது; மாவு கழுவிப் போனதும் சுவர் அடர்த்தியாகிவிட்டது. கழுவிக் காய்ந்த இடத்தில் 5 ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு துண்டு எடுங்க. மீதிப் பெயிண்டையும் கடைக்குக் கொண்டுபோங்க. வெளிறியதில் சாயம் கூட்டிவிடலாம், அடர்ந்ததை வெளுக்க வைப்பதுதான் கஷ்டம். அடிக்கும்போது ஒட்டுப்போட்ட இடத்தை மட்டும் அடிக்காமல், மூலையிலிருந்து மூலை வரை அந்தப் பக்கம் முழுக்க அடிங்க.

ஏர்வாடி_பெயிண்டர்: சாயம் கூட்டியதும் அட்டையில் தடவி, முழுக்கக் காயவிட்டு, சுவரோடு வைத்துப் பாருங்கள் தம்பி. ஈரத்தில் முடிவு பண்ணாதீர்கள்.

பாம்பன்பையன்: சேர்ந்துவிட்டது. நன்றி அக்கா, அண்ணே. பந்தல்காரர் வந்துவிட்டார், போகிறேன்.