ஞாயித்துக்கெழம மான்செஸ்டர் யுனைடெட் - ஆர்சனல் ஃபுட்பால் மேட்ச்: சிப்புட்ல எங்க பாக்கறீங்க? இந்த வாட்டியாவது தேறுமா?

சிப்புட்_செவப்பு:

வணக்கம் மக்களே. வர்ற ஞாயிறு, 2025 ஆகஸ்ட் 17, ராத்திரி 11.30க்கு நம்ம யுனைடெட் கிரவுண்ட் ஓல்ட் ட்ராஃபர்ட்ல ஆர்சனலோட மொத மேட்ச். ரெண்டு கேள்வி இருக்கு. ஒன்னு, சுங்கை சிப்புட் டவுன்ல பெரிய ஸ்க்ரீன் போடற மாமாக் சாப்பாட்டுக் கடை இப்ப எது? போன சீசன் நாங்க உக்காந்த கடைல ப்ரொஜெக்டர் கெட்டுப் போச்சாம், டிவி மட்டும்தான், அதுவும் கல்லாவுக்கு மேல மாட்டி வச்சிருக்கான், ஃபர்ஸ்ட் ஹாஃப் முடியறதுக்குள்ள கழுத்து நோவுது.

ரெண்டாவது, நெஜமாவே கேக்கறேன், இந்த வருஷம் நம்பலாமா? போன சீசன் 15-வது எடம், 38 மேட்ச்ல வெறும் 44 கோல், 42 பாயிண்ட். யூரோப்பா ஃபைனல்ல ஸ்பர்ஸ்கிட்ட 1-0. அதோட நிக்காம மே 28 நம்ம புக்கிட் ஜாலில் ஸ்டேடியத்துக்கு வந்து ஆசியான் ஆல் ஸ்டார்ஸ்கிட்டயும் 1-0 வாங்கிட்டுப் போனானுங்க. அந்த மேட்சுக்கு நான் ஓவர்டைம் செஞ்ச காசுல டிக்கெட் எடுத்து இங்கேருந்து கோலாலம்பூர் போனவன். மியன்மார்காரன் கோல் போட்டப்ப எனக்கு முன்னுக்கு யுனைடெட் ஜெர்சி போட்டு உக்காந்தவனே எந்திரிச்சுக் கை தட்டறான். மேட்ச் முடிஞ்சதும் ஸ்டேடியமே சேந்து யுனைடெட்ட பாத்து ஊன்னு கூச்சல் போட்டுச்சு, நானும்தான் போட்டேன், மறைக்க என்ன இருக்கு.

ஆனா இப்ப கோல் போட புது ஆளுங்க, குன்யா வந்துட்டான், எம்பூமோ வந்துட்டான், போன வாரம் ஷெஷ்கோவும் வந்துட்டான், மூணு பேருக்கும் சேத்து 200 மில்லியன் பவுண்டு கிட்ட. அமெரிக்கால ப்ரீ சீசன்ல வெஸ்ட் ஹாம 2-1, போர்ன்மவுத்துக்கு நாலு கோல். மனசு சும்மா இருக்க மாட்டேங்குது. டாப் 6 கெடைக்குமா, இல்ல இதுவும் பழைய கததானா?

கன்னர்_தம்பி:

அண்ணே வருஷா வருஷம் ஆகஸ்ட்ல நீங்க இதே கேள்விதான் கேக்கறீங்க, நானும் இதே பதில்தான் சொல்றேன், ப்ரீ சீசன் கோலுக்கு பாயிண்ட் கெடையாது லா.

ஞாயித்துக்கெழம நடக்கப் போறத நான் இப்பவே சொல்றேன். கார்னர். அவ்ளோதான். போன டிசம்பர் எங்க ஆர்சனல் கிரவுண்ட் எமிரேட்ஸ்ல 2-0, ரெண்டுமே கார்னர்ல வந்தது, ஞாபகம் இருக்கா? ரைஸோ சாக்காவோ பந்த உள்ளுக்கு வளைச்சு கீப்பர் தலைக்கு மேல போடுவாங்க, கேப்ரியல் அங்க நிப்பான், உங்க டிஃபென்ஸ் ஒருத்தன் மூஞ்ச ஒருத்தன் பாத்துட்டு நிப்பானுங்க. அதுக்கு மேல இந்த வாட்டி புதுசா வாங்கின கியோகெரெஸ் வேற. போன சீசன் போர்ச்சுகல்ல ஸ்போர்ட்டிங் டீமுக்கு 52 மேட்ச்ல 54 கோல். அவன அங்க வளத்து விட்டதே உங்க கோச் அமோரிம்தான், இப்ப அவன் வீட்லயே வந்து கோல் போட்டுட்டு ரெண்டு கைய மூஞ்சில கோத்து முகமூடி காட்டப் போறான், பாருங்க.

கடைய பத்தி: பஸ் ஸ்டாண்டு பக்கம் இருக்கற மாமாக்ல வெளிய துணி கட்டி ப்ரொஜெக்டர் போடறாங்க. மழை பெஞ்சா டிஷ்ல படம் நின்னுடும், அது ஒன்னுதான். 10.30க்கெல்லாம் வந்துருங்க, லேட்டா வந்தா நாற்காலி கெடைக்காது, மோட்டோ மேலதான் உக்காரணும்.

கணக்கு_பாக்கறவன்:

தம்பி, உங்களுக்கு வாய் ஜாஸ்தி. 2004ல ஒரு மேட்ச் தோக்காம ஜெயிச்சீங்க, அதுக்கப்புறம் ஒரு லீக் கூட இல்ல. தொடர்ந்து மூணு சீசன் ரெண்டாவது எடம். போன சீசன் தோத்தது நாலே மேட்ச், ஆனா ட்ரா மட்டும் 14, அதான் லிவர்பூல் 84ல நின்னப்ப நீங்க 74ல நின்னீங்க. கோல் போட ஆள் இல்லாததுதான் கொறன்னா கியோகெரெஸ் சரியான மருந்து, அத ஒத்துக்கறேன். ஆனா போர்ச்சுகல் லீக்ல அவனுக்குப் பின்னாடி ஓடறதுக்கு எடம் இருந்துச்சு. இங்க பாதி டீமு கோலுக்கு முன்னாடி பெனால்ட்டி பெட்டிக்குள்ளயே பத்து பேர நிறுத்தி வச்சிருப்பான்.

இப்ப யுனைடெட். சிப்புட்_செவப்பு அண்ணே, உங்க 44 கோலுக்குதான் காச கொட்டியிருக்காங்க. எம்பூமோ ப்ரென்ட்ஃபோர்ட்ல லீக்ல 20 போட்டவன், குன்யா வுல்வ்ஸ்ல 15. ரெண்டு பேருமே இந்த லீக்ல அடிபட்டுப் பழகினவனுங்க, வெளியூர்லேருந்து வந்து ஆறு மாசம் குளிருதுன்னு சொல்ல மாட்டானுங்க. ஷெஷ்கோவுக்கு டைம் குடுக்கணும், 22 வயசுதான். முன்னுக்கு சரி பண்ணியாச்சு. நடுவுல? அமோரிம் எப்பவும் பின்னாடி மூணு பேர், நடுவுல ரெண்டே பேர். ஆர்சனல்ல ரைஸ், சுபிமென்டி, ஓடகார்டுன்னு மூணு பேர் வருவாங்க. கஸெமிரோவுக்கு 33 வயசு, ப்ரூனோ முன்னுக்கு ஓடிட்டே இருப்பான். அறுவதாவது நிமிஷத்துக்கு மேல அந்த எடம் தொறந்துதான் கெடக்கும். ப்ரைட்டன் டீம் பலேபா வர்றான் வர்றான்னு பேச்சுதான் கேக்குது, ஆள காணோம்.

கீப்பர்? ஒனானாவுக்கு காயம், இப்பதான் ட்ரெய்னிங்குக்கே திரும்பியிருக்கான். பாயிந்திர்தான் நிப்பான்னு நெனைக்கறேன். ஜனவரில எஃப்ஏ கப்ல இதே ஆர்சனல, அதுவும் அவங்க கிரவுண்ட்ல, பத்து பேர வச்சுக்கிட்டு பெனால்ட்டில ஜெயிச்சாங்களே, அன்னிக்கு ஓடகார்டு பெனால்ட்டிய புடிச்சது அவன்தான். ஆனா பெனால்ட்டி புடிக்கறது வேற, கூட்டத்துக்குள்ள எகிறி பந்த குத்தறது வேற.

ஒரே நல்ல விஷயம், யுனைடெட்டுக்கு இந்த வருஷம் யூரோப் கப் மேட்ச் இல்ல. வாரத்துக்கு ஒரே மேட்ச், மீதி நாள் பூரா ட்ரெய்னிங். அதனால என் கணக்குல 6லேருந்து 8க்குள்ள. ஞாயிறு 1-1.

ஆன்ஃபீல்ட்_அக்கா:

சாமி, ரெண்டாவது எடத்துக்காரனும் 15-வது எடத்துக்காரனும் பேசறத சாம்பியன் லிவர்பூல்காரி பாத்துக்கிட்டு இருக்கேன். யுனைடெட்டுக்கும் லீக் 20, எங்களுக்கும் 20 ஆயிருச்சு தம்பிங்களா, இனிமே அந்த பழைய பாட்டு பாடாதீங்க.

எங்க மேட்ச் சனிக்கெழம விடியக்காலைல 3 மணிக்கு. வெள்ளிக்கெழம கடைசி ஆடி வெள்ளி, கோயில் வேல முடிஞ்சு வீட்டுக்கு வரவே நேரமாயிடும், அதுக்கப்புறம் எங்க தூங்கறது. ஒரு வகைல எனக்கு சௌகரியம்தான், விக்கறதுக்கு நாசி லெமாக், அதான் தேங்காப்பால் சோறு, பொட்டலம் கட்ட எப்படியும் அந்த நேரத்துக்குதான் எந்திரிப்பேன். ஃபோன அரிசி டின்னு மேல சாத்தி வச்சிட்டு ஒரு பக்கம் சம்பால் கிண்டறது, ஒரு பக்கம் வாழ எலய தொடைக்கறது. சாலா கோல் போட்டா பொட்டலத்துல நெத்திலி ஒரு பிடி ஜாஸ்தி விழும், மொதல்ல வர்றவங்களுக்கு அதிர்ஷ்டம்.

ஆனா இந்த வாட்டி சந்தோஷமா பாக்க முடியுமான்னு தெரியல. எங்க ஆட்டக்காரன் ஜோட்டா இறந்து போய் ரெண்டு மாசம் கூட ஆவல. கல்யாணம் ஆயி ரெண்டு வாரம் கூட ஆகலயே, மூணு சின்ன புள்ளைங்க, தம்பியும் கூடவே போயிட்டான். 20-வது நிமிஷம் அவன் பாட்ட பாடுவாங்க, அப்ப நான் ஃபோன திருப்பி வச்சிருவேன்.

பந்து விஷயத்துக்கு வந்தா, விர்ட்ஸ் நல்லா வெளையாடறான், எகிடிகே பரவால்ல, ஆனா ட்ரென்ட் மாட்ரிட்டுக்குப் போன எடம் ஓட்டையாத்தான் தெரியுது. வெம்ப்லில கிரிஸ்டல் பேலஸ் டீம்கிட்ட ரெண்டு வாட்டி முன்னுக்குப் போயி ரெண்டு வாட்டியும் விட்டுட்டு பெனால்ட்டில தோத்தாங்க பாருங்க, கோல் போடறாங்க, வாங்கவும் வாங்கறாங்க. அதனால நானும் ரொம்ப ஆடல.

சிப்புட்_செவப்பு:

அக்கா, ஜோட்டா விஷயத்துல டீம் பாக்கறது கெடையாது. எங்க மாமாக் கும்பல்லயும் அன்னிக்கு யாரும் வாய் தொறக்கல.

கணக்கு அண்ணே நீங்க சொன்ன நடுவுல ரெண்டு பேர் விஷயம் எனக்கும் வயித்த கலக்குது, ஆனா அத ஒத்துக்கிட்டா ஞாயிறு வரைக்கும் எப்படி இருக்கறது சொல்லுங்க.

அப்புறம் இன்னொரு சங்கடம். என்கிட்ட ரெண்டு வருஷம் முந்தி வாங்கின ரேஷ்ஃபோர்ட் 10 ஜெர்சி இருக்கு, ஆள் பார்சலோனாவுக்குப் போயிட்டான், நம்பர் 10 இப்ப குன்யாவுக்கு. சரி பேர மட்டும் மாத்தலாம்னு பாசார் மாலாம் ராத்திரி சந்தைல இருக்கற ஜெர்சி கடைல குடுத்தேன், அவன் அயர்ன் பாக்ஸ வச்சு சூடு காட்டி எழுத்த உரிச்சான், உரிஞ்சுச்சு, ஆனா கோந்து தடம் அப்படியே நிக்குது. அதுக்கு மேல குன்யா ஒட்டினா அஞ்சே எழுத்து, ரேஷ்ஃபோர்டுக்கு எட்டு எழுத்தா, ரெண்டு பக்கமும் பழசு எட்டிப் பாக்குது. பெட்ரோல் போட்டு தொடச்சா போவும்ங்கறான் ஒருத்தன். யாராச்சும் செஞ்சு பாத்திருக்கீங்களா?

கன்னர்_தம்பி:

பெட்ரோல் வேணாம்ணே, செவப்பு வெளுத்து ஆரஞ்சு ஆயிடும். அப்படியே போட்டுட்டு வாங்க, ஞாயித்துக்கெழம யாரும் உங்க முதுகப் பாக்க மாட்டாங்க, எல்லாரும் மூஞ்சத்தான் பாப்போம்.

பேராக்_மஞ்ச:

எல்லாருக்கும் வணக்கம். நான் கொஞ்சம் வயசானவன், உள்ள பூந்து பேசறேன்னு கோவிச்சுக்காதீங்க. புது சீசன் புது சீசன்னு பேசறீங்க, நம்ம நாட்டு சூப்பர் லீக் போன வாரமே ஆரம்பிச்சிருச்சு, ஒருத்தர் கூட ஒரு வரி எழுதல. எழுத என்ன இருக்கு, நம்ம மாநில டீம் பேராக் இந்த வருஷம் லீக்லயே இல்ல. காசு இல்லன்னு வெலகியாச்சு. கெடா இல்ல, பகாங் இல்ல. 2014லேருந்து ஜொகூர்தான் சாம்பியன், இந்த வருஷம் அவனோட மல்லுக்கட்ட எத்தன பேரு மிச்சம்னு விரல் விட்டு எண்ணிக்கலாம்.

2002, 2003 ரெண்டு வருஷமும் லீக் நமக்கு. அப்பல்லாம் மேட்ச் ராத்திரின்னா தோட்டத்துலேருந்து பத்து பன்னெண்டு மோட்டோ, செம்மோர் வழியா ஈப்போ ஸ்டேடியத்துக்கு. போற வழில புந்தோங் கச்சாங் பூத்தே கடலை ஆளுக்கு ஒரு பொட்டலம், தொண்ட வத்திப் போற அளவுக்கு கத்துவோம். 2018 மலேசியா கப் ஃபைனல் ஷா ஆலம் ஸ்டேடியத்துல, திரங்கானுகூட, 3-2ன்னு பின்னாடி நிக்கறோம், பக்கத்துல இருந்தவரு எந்திரிச்சு பஸ்ஸுக்கு நடக்க ஆரம்பிச்சிட்டாரு, இஞ்சுரி டைம்ல ப்ரெண்டன் கான் போட்டான் பாருங்க ஒன்னு, அப்புறம் பெனால்ட்டில 4-1. அந்த கப்புக்கு அப்புறம் ஏழே வருஷத்துல டீமே இல்ல. ஓல்ட் ட்ராஃபர்ட்ல நடுவுல ரெண்டு பேரா மூணு பேரான்னு இவ்ளோ துல்லியமா பேசற பசங்க ஈப்போ ஸ்டேடியத்துக்கு எத்தன வாட்டி போனீங்க? டிக்கெட் வாங்க ஆள் இல்லாம டீமு எப்படிப்பா நிக்கும்.

கீப்பர் பேச்சு வந்ததால ஒன்னு. கூட்டத்துக்குள்ள எகிறி பந்த எடுக்கறதுன்னா நம்ம மலேசியா டீம் ஆறுமுகம்தான், ஸ்பைடர்மேன்னு சும்மாவா பேரு வச்சாங்க. 1980ல மாஸ்கோ ஒலிம்பிக்குக்கு தேர்வான டீமோட கீப்பர், பகிஷ்கரிப்புன்னு சொல்லி அனுப்பாம விட்டாங்க. அந்த நீளக் கைய பாத்தவங்களுக்கு இப்ப இருக்கற கீப்பருங்க மேல நம்பிக்கை வராது.

கணக்கு_பாக்கறவன்:

அங்கிள், நீங்க சொல்றது பாதி சரி. ஆள் வராததால மட்டும் டீம் போவல. டிக்கெட் காசுல மட்டும் எந்த டீமும் இங்க ஓடினதில்ல, மாநில அரசாங்கமோ யாராச்சும் பெரிய கம்பெனியோ பின்னாடி நின்னாதான் சம்பளம், அவங்க கைய விட்டா முடிஞ்சிச்சு. நம்ம மலேசிய இந்திய ஆளுங்க டீமா வந்த மீஃபா கத தெரியும்ல, பிஜே சிட்டின்னு பேர் மாத்தி 2019லேருந்து சூப்பர் லீக்ல நின்னாங்க, வெளிநாட்டு ஆட்டக்காரங்க இல்லாம உள்ளூர் பசங்கள மட்டும் வச்சு கூட வெளையாடினாங்க, 2022 முடிஞ்சதும் அதுவும் மூடியாச்சு. அங்க வெளையாடின நம்ம பசங்களுக்கு அதுக்கப்புறம் எடம் எங்க? இதுல ரசிகன் மேல எவ்ளோ பழி போடறது.

ஆன்ஃபீல்ட்_அக்கா:

எம் மவன் 12 வயசு டீம்ல வெளையாடறான், பெரிய ஆளானா பேராக்குக்கு வெளையாடுவேன்னு சொல்லிக்கிட்டு இருந்தான். டீம் இல்லன்னு தெரிஞ்சதும், அப்ப லிவர்பூலுக்கே போயிடறேன்ம்மான்னு சாதாரணமா சொல்லிட்டு சைக்கிள எடுத்துக்கிட்டுப் போறான். அவனுக்கு ரெண்டும் ஒரே தூரம்தான்.

பேராக்_மஞ்ச:

தங்கச்சி, அவன் எந்த பொசிஷன்? நாங்க தோட்டத்து பாடாங் திடல்ல சனிக்கெழம சாயந்தரம் சின்ன பசங்களுக்கு பந்து போடறோம், காசெல்லாம் இல்ல, அனுப்பி வைங்க. பூட்ஸ் இல்லன்னாலும் பரவால்ல, ரெண்டு மூணு பழைய ஜோடி இருக்கு. கீப்பர் ஆளு கொறையுது.

ஆன்ஃபீல்ட்_அக்கா:

லெஃப்ட் விங் அண்ணே. ஆனா கீப்பர்னு நிக்க வச்சா அழுதுருவான், மொதல்லயே சொல்லிடறேன்.